மணலில் மலர்ச்சி: நுரைச்சோலைக் கரையின் நிலமும் நீரும் குடிகளும்

நிலத்தை அதன் இயல்பு நோக்கிப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுதும் பூவும் தொழிலும் தெய்வமும் வகுத்தவர் பண்டைத் தமிழர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுத்துக் கூறிய தொல்காப்பியர், பாலைக்குத் தனியே நிலம் வகுத்திலர். நண்பகலும் வேனிலும் பின்பனியும் ஆகிய பொழுதுகளையே அதற்கு உரியவாகக் கூறினார். பின்வந்த இளங்கோவடிகள், முல்லையும் குறிஞ்சியும் கடுங்கோடையால் தம் இயல்பு கெட்டுக் கொள்ளும் வடிவமே பாலை என விளக்கினார். இவற்றை ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். பாலை என்பது ஓரிடத்தின் பெயரன்று. நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமையின் பெயர். அது வரும், போகும், மீண்டும் வரும்.

ஈழத்தின் வடமேற்குக் கரையை அறிய விரும்புவோர்க்கு இக்கருத்துப் பெரிதும் துணைசெய்யும். அங்கே நெய்தல் நிலமே ஆண்டுதோறும் வேனிலில் பாலையாகத் திரிகின்றது. கூதிர்கால மழை பெய்து ஓய்ந்ததும் அப்பாலையே பூக்காடாகின்றது. அக்கரையில் உள்ள ஊர்களுள் நுரைச்சோலை ஒன்று. நுரை கடலுக்குரியது, சோலை நிலத்துக்குரியது. இவ்விரண்டும் ஒரு பெயரில் கூடி நிற்றல், அவ்வூரின் இயல்பை ஒரு சொல்லில் உணர்த்துவது போல அமைந்துள்ளது. (அம்பாறை மாவட்டத்திலும் இப்பெயர் கொண்ட ஊர் ஒன்று உண்டு. இங்கே கூறப்படுவது புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது.)

புத்தளம் நகருக்குத் தெற்கே, கொழும்பு வீதியில் உள்ள பாலாவிச் சந்தியிற் பிரிந்து மேற்கே திரும்பும் பாதை, பின்னர் வடக்கு நோக்கிக் கற்பிட்டி வரை செல்கின்றது. அப்பாதையின் ஒரு புறம் புத்தளக் களப்பு. மறு புறம் பெருங்கடல். இரு நீருக்கும் இடையே கிடப்பது ஒடுங்கிய நீண்டதொரு மணல் நிலம். மீ ஓயாவும் கலா ஓயாவும் களப்பின் கீழைக் கரையில் வந்து கலக்கின்றனவேயன்றி, இம்மணல் நிலத்துள் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. இலங்கையின் வரண்ட பகுதிகளுள்ளும் மிக வரண்டவையாக நிலநூலார் கொள்வன இரண்டு. ஒன்று மன்னார் முதல் புத்தளம் வரை உள்ள இவ்வடமேற்குக் கரை. மற்றது அம்பாந்தோட்டையை அடுத்த தென்கீழ்க் கரை. எனினும், பாலைவனம் என்னும் பெயரை இந்நிலத்துக்கு வரையறையின்றி வழங்குதல் பொருந்தாது. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைந்த மழை பெறும் நிலங்களையே பொதுவாகப் பாலைவனம் என்பர். இங்கே பெய்வதோ ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர். குறை மழையின் அளவில் அன்று. அது வரும் முறையில் உள்ளது. பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று திங்களில் பெய்து தீர்ந்துவிடும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகக் காற்று இடைவிடாது வீசும், வெயில் காயும், மணல் நீரைத் தாங்காது. மழை தரும் நீரினும் வெயில் கவரும் நீர் மிகுதியாகும்.

இந்நிலம் மலரும் காலத்தில், தைத் திங்களின் இறுதியிலோ மாசியின் தொடக்கத்திலோ, ஒரு குடும்பம் இவ்வழியே வருவதாகக் கருதுக. முன்னேசுவரத்தில் வழிபாடு முடித்துச் சிலாபத்திலிருந்து வடக்கே வரும் குடும்பம் அது. தந்தையும் தாயும் பிள்ளைகள் இருவரும், தந்தையைப் பெற்ற பாட்டியும் உடன் வருகின்றனர். பாடநூலில் வரண்ட வலயம் என்று படித்த பிள்ளைகள், கானலும் ஒட்டகமும் காணலாம் என்று எண்ணி வருதல் இயல்பே. ஒட்டகம் அங்கு இல்லை. உரியவரின்றித் திரியும் கழுதைகளைக் காணலாம். பாலாவியில் உப்பளப் பாத்திகள் வானத்தைக் காட்டிக் கிடக்கும். அப்பாற் செல்லச் செல்ல மணல் தொடங்கும். ஆனால், அது வெறு மணலன்று.

பாதையோரத்தில் ஆவாரை பொன்னிறமாகப் பூத்து நிற்கும். எருக்கு ஊதாவும் வெண்மையுமாக மலர்ந்திருக்கும். நெருஞ்சி தன் சிறு மஞ்சட் பூவை ஞாயிறு செல்லும் திசை நோக்கித் திருப்பும். யாழ்ப்பாணத்தார் காவிளாய் என வழங்கும் கொழுஞ்சி, செந்நீலப் பூக்களுடன் மணலைப் போர்த்திருக்கும். தும்பை வெண்மையாகச் சிதறிக் கிடக்கும். கடலை அணுகியவுடன் அடம்பங்கொடி, ஆட்டின் குளம்பு போலப் பிளந்த இலையும் குழல் போன்ற பூவுமாக மணல் மேட்டில் ஏறிப் படரும். அதனருகே இராவணன் மீசை என்னும் முட்புல் நிற்கும். அதன் உருண்டையான கதிர் முற்றி உதிர்ந்ததும், காற்றில் உருண்டோடி விதையைத் தொலைவிற் கொண்டு சேர்க்கும். களப்புப் பக்கத்துச் சேற்றிலே கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கும். இவற்றுட் பலவற்றைப் பெயர் சொல்லிக் காட்ட வல்லவர் அக்குடும்பத்தில் பாட்டி ஒருவராகவே இருத்தலும் கூடும். எது பூசைக்கு ஆகும், எது வயிற்று வலிக்கு ஆகும், எதை ஆடு தின்னாது என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். பிள்ளைகள் பாடநூலிற் காணாத கல்வி அது.

இம்மலர்ச்சி எவ்வாறு நிகழ்கின்றது? தென்னமெரிக்காவின் அற்றக்காமாவிலும், தென்னாபிரிக்காவின் நமக்குவாலாந்திலும், கலிபோர்னியாவின் பாலைகளிலும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நிலம் முழுதும் பூத்தலைக் காணப் பல்லாயிரம் மக்கள் குடும்பமாகச் செல்கின்றனர். அங்கெல்லாம் நிகழ்வதற்கும் இங்கு நிகழ்வதற்கும் அடிப்படை ஒன்றே. வரண்ட நிலத்துச் செடிகளுட் பல, தம் வாழ்நாளை விதைக்குள் ஒடுக்கிக்கொண்டு மணலில் காத்துக் கிடப்பவை. சில விதைகளின் உறையில் முளைத்தலைத் தடுக்கும் பொருள் உண்டு. சிறு தூறல் அதனைக் கரைப்பதில்லை. வேர் நிலைக்கப் போதிய பெருமழையே கரைக்கும். ஆதலின் விதை ஏமாறுவதில்லை. முளைத்த செடியும் காலம் தாழ்த்துவதில்லை. ஈரம் இருக்கும் சில கிழமைகளுள் இலைத்து, பூத்து, விதைத்து முடித்துவிடும். ஆவாரையும் எருக்கும் போன்ற நீண்டநாட் செடிகள் வேறு வழி கொண்டன. அவை வேரை ஆழத்திற் செலுத்தி, கோடையையும் தாங்கும். பின்னர் சித்திரையில் இளவேனில் வரும்போது, நிலம் மீண்டும் காயத் தொடங்கிய நிலையிலும் கொன்றையும் வேம்பும் பூக்கும். வருடப்பிறப்புக்கு வேப்பம்பூத் தேடுவார்க்கு அப்போது குறைவிராது.

பூவின் கதை இவ்வளவில் நிற்க. ஆற்று நீரில்லாத இம்மணலில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே வரலாற்று மாணாக்கர் வினவ வேண்டுவது. அதற்கு விடை மணலுக்கு அடியில் உள்ளது. மழை நீர் மணலில் நில்லாது உட்செல்லும். உள்ளே இரு புறக் கடலிலிருந்தும் புகுந்த உவர்நீர் உண்டு. நன்னீர் உவர்நீரினும் இலேசானது. ஆதலின் அது உவர்நீரோடு எளிதிற் கலவாமல், அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இவ்விதியை 1888-89 இல் வெளியிட்டவர் பாடோன் கைபென் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர். அவரை அறியாமலே 1901 இல் செருமானியக் கடற்றீவொன்றின் நீரை ஆராய்ந்து அதே முடிபுக்கு வந்தவர் ஹேர்ஸ்பேர்க் என்பவர். ஆனால், மணலில் ஆழமில்லாத குழி தோண்டிக் கையால் நன்னீர் மொள்ளும் பூவலைக் கண்ட ஈழத்துக் கரையோர மக்கள், ஏட்டு விதி பிறக்கும் முன்னரே அதன் பயனை அறிந்திருந்தனர். ஆழத் தோண்டினால் உப்பு வரும், மேலாகத் தோண்டினால் நன்னீர் வரும் என்னும் அறிவே இந்நிலத்துக் குடிவாழ்க்கையின் முதற்பாடம்.

இக்கரைக்கு வந்து சென்றோரின் வரலாறு நெடியது. 1344 ஆம் ஆண்டில், மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குச் செல்லப் புறப்பட்ட மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா, காற்றினால் திசைமாறி இலங்கைக் கரையை அடைந்தார். அவர் இறங்கிய பத்தாலா என்னும் துறையைப் புத்தளம் என்றே ஆராய்ச்சியாளர் கொள்வர். அங்கே அவரை வரவேற்ற அரசர் ஆரியச்சக்கரவர்த்தி. நகரைச் சூழ மரத்தாலாகிய அரணும் மரக் கோபுரங்களும் இருந்தன என்றும், ஆற்று வெள்ளம் கொணர்ந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன என்றும், அரசர் பாரசீக மொழி அறிந்திருந்தார் என்றும் அவர் எழுதிவைத்தார். விருந்தினர் வேண்டியது யாது என அரசர் வினவ, பாவா ஆதம் பாதம் பதிந்ததாகக் கூறப்படும் மலையைத் தரிசித்தல் ஒன்றே தம் விருப்பம் என்றார் அவர். அரசர் பல்லக்குத் தந்து, யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் ஏவலர் பதின்மர், உணவுப் பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோரைத் துணையாக அனுப்பினார். சைவ அரசர் ஒருவர், முசுலிம் யாத்திரிகர் ஒருவரை, யோகியர் துணையுடன், பௌத்தரும் போற்றும் மலைக்கு வழியனுப்பிய செய்தி இது. இக்கரையின் விருந்தோம்பலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்வந்தோர் யாவரும் விருந்தினராக வந்தாரல்லர். போர்த்துக்கேயரை அடுத்து ஒல்லாந்தர் 1659 இல் கற்பிட்டியைக் கைக்கொண்டனர். 1667 முதல் 1676 வரையில் அங்கே கோட்டை கட்டினர். களப்பின் வாயிலைக் காவல் செய்தால், கண்டி அரசு புத்தளத் துறை வழியாகக் கடலை அடைதலைத் தடுக்கலாம் என்பது அவர் கருத்து. மலைநாட்டுக்குப் பாக்கும் வேறு பொருளும் விற்க வழி வேண்டும். உண்ண உப்பும் வேண்டும். இரண்டுக்கும் திறவுகோல் இம்மணற் கரையிலே இருந்தது. கோடை வெயில் பயிரை அழித்தது. அதே வெயில் உப்பை விளைத்தது. பாலையென்று பிறர் ஒதுக்கும் நிலம் பேரரசுகளின் போட்டிப் பொருளானது இவ்வாறு. 1795 இல் கோட்டை பிரித்தானியர் கைக்குச் சென்றது.

அவ்வாட்சிக் காலத்தில், 1807 இல், கற்பிட்டியிற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834 இல் அவர் வெளியிட்ட இலங்கை அகராதி, இத்தீவின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் அகரவரிசையில் தொகுத்துரைத்த நூல். தமிழ்ப் புலவர் வரலாறுகளை ஆங்கிலத்தில் தொகுத்து, தமிழ்ப் புளூட்டாக் என்னும் பெயரால் 1859 இல் வெளியிட்டவரும் அவரே. சட்டநிரூபண சபையிலும் அவர் உறுப்பினராய் இருந்தார். பயிர் விளையாத மணல் எனப்பட்ட நிலத்தில் விளைந்த கல்விக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

இனி, பெரியோர் பெயர்களுள் அடங்காத குடும்பங்களை நோக்குதல் வேண்டும். இந்நிலத்தை நிரப்பியவர் அவர்களே. நீர்கொழும்பு, சிலாபம் ஆகிய பகுதிகளின் மீன்பிடிக் குடும்பங்கள், தம் கரையில் கடல் கொந்தளிக்கும் பருவத்தில் இக்குடாநாட்டுக்கு வந்து, ஓலையால் வாடி அமைத்துத் தங்கி, பருவம் மாறியதும் திரும்பும் வழக்கம் உடையன. அவ்வாறு வந்தோருள் சிலர் நிலையாகவே தங்கினர். நுரைச்சோலைக்கு வடக்கே, அதே கரையில் உள்ள தலவில புனித அன்னம்மாள் தேவாலயத்துக்குப் பங்குனியிலும் ஆடி ஆவணியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் யாத்திரை வருகின்றன. சிங்களரும் தமிழரும், கத்தோலிக்கர் அல்லாதோரும் அவர்களுள் உளர். தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கு வரும் கூட்டமும் அத்தகையதே.

யாத்திரையாக வாராது, துரத்தப்பட்டு வந்த குடும்பங்களும் உண்டு. 1990 ஐப்பசியில் வடமாகாணத்து முசுலிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், தமிழீழ விடுதலைப் புலிகளால் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் புகலடைந்த இடம் புத்தளமும் கற்பிட்டிக் குடாநாடுமே. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலும் மன்னாரின் ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர், கையிற் கொண்ட சிறு பொதியுடன் இம்மணலில் ஓலைக் குடிசை கட்டினர். வட ஈழத்துத் தமிழர் தம் வரலாற்றைப் பேசும்போது இதனை விடுத்துப் பேசுதல் அறமாகாது. வந்தோர்க்கு இடமளித்த ஊரவரும் செல்வரல்லர். உள்ள பள்ளிக்கூடத்தையும் உள்ள கிணற்றையும் அவர்கள் பகிர்ந்தனர். பகிர்வில் உரசலும் இருந்தது. எனினும் அகதிக் குடியிருப்பிற் பிறந்த குழந்தைகள் இன்று பெற்றோராகி அந்நிலத்தையே தம் ஊர் என்கின்றனர்.

மேற்கூறிய குடும்பம் நுரைச்சோலையை அடையும்போது காணும் மலர்ச்சி, பாதையோரத்து மலர்ச்சியினும் வேறானது. மணலின்மேல் பச்சைப் பாத்திகள் தோன்றும். மிளகாய், வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு, பீற்றூட்டு, கோவா முதலியன வரிசை வரிசையாக நிற்கும். இடையிடையே தென்னந்தோப்பு. நீர்த்தெளிகருவி சுழன்று நீரை மழைபோல் தூவும். மழையை நோக்கிக் காத்திருக்கும் மலர்ச்சியன்று இது. கிணற்றை இறைத்து ஆண்டு முழுதும் நிலைநிறுத்தப்படும் மலர்ச்சி. இம்மணலை உழுது, எருவிட்டு, ஒரு நாளும் தவறாது நீருற்றிய உழவரின் உழைப்பை எத்துணைப் பாராட்டினும் தகும்.

ஆயினும் இம்மலர்ச்சிக்கு ஒரு கடன் உண்டு. மணல் நீரைத் தாங்காதது போலவே உரத்தையும் தாங்காது. பயிருக்கு இடும் நைதரசன் உரத்தில் ஒரு பகுதியே வேருக்குச் சேரும். எஞ்சியது நீரோடு இறங்கி, அடியில் மிதக்கும் நன்னீர் வில்லையிற் கலக்கும். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரையறைக்கு மேற்பட்ட அளவை ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்நீர் குழந்தைகளுக்குப் பெரிதும் தீங்கானது. குருதி உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்து, மேனியை நீலம் பாயச் செய்யும். மறுபுறம், மிகுதியாக இறைத்தால் வில்லை மெலியும். நன்னீர் மேலே 1 அடி குறைந்து நிலைத்தால், கீழே உவர்நீர் 40 அடி மேலேறும். அவ்வாறு ஏறிய உவரை எளிதில் இறக்க இயலாது.

நீருக்கு நேர்ந்த சோதனை இதுவாக, நுரைச்சோலைக்கு நாடெங்கும் பெயர் தந்தது பிறிதொன்று. 2006 இல் தொடங்கப்பெற்ற நிலக்கரி மின்னிலையத்தின் முதற் பகுதி 2011 பங்குனியில் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்று பகுதிகளும் நிறைவெய்தி, 900 மெகாவாற்று ஆற்றல் பெற்றது. சீன நாட்டுக் கடனுதவியால் எழுந்த அது இலங்கையின் மிகப் பெரிய அனல் மின்னிலையமாகும். அதன் புகைபோக்கி தொலைவிலேயே தெரியும். நாட்டின் இல்லங்களில் எரியும் விளக்குகளுட் பலவற்றுக்கு ஒளி தருவது அது என்பதை மறுத்தல் ஆகாது. அயலில் வாழ்வோர் கரித்தூளும் சாம்பலும் காற்றில் வந்து இலையிலும் கூரையிலும் படிதலையும், கரையோர மீன்பிடி குன்றுதலையும் கூறி வருந்துவதையும் மறுத்தல் ஆகாது. அதே சோளகக் காற்றைப் பயன்படுத்திப் பக்கத்து மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் மின் பிறப்பித்து வருகின்றன. ஒரே காற்று ஓரிடத்தில் சாம்பலைச் சுமக்கின்றது. மற்றோரிடத்தில் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. காற்றின் குற்றம் யாதுமில்லை. அதனைக் கொள்வார் கொள்ளும் வகையிலேயே வேறுபாடு உள்ளது.

இவ்வரலாறு கற்பிப்பது யாது? இந்நிலம் வந்தோரை வாழவைத்த நிலம். யாத்திரிகர், வணிகர், மீனவர், அகதிகள் ஆகிய யாவரும் மணலுக்கு அடியில் மிதந்த ஒரே நன்னீரையே உண்டனர். மணலில் கிடக்கும் விதை பஞ்சத்தைப் பொறுக்க வல்லது. ஈராண்டு மழை பொய்த்தாலும் மூன்றாம் ஆண்டில் பூக்கும். நன்னீர் வில்லைக்கோ அப்பொறுமை இல்லை. அது கெடின் ஆவாரையும் அடம்பும் நிற்றல் கூடும். மிளகாய்த் தோட்டமும் குடிமனையும் நிற்றல் அரிது. நிலம் பாலையாவது வெயிலால் மட்டுமன்று. மனிதர் கணக்கு மறப்பதாலும் ஆகும். ஆதலின், உரத்தை அளந்து இடுதலும், கொழுஞ்சி போன்ற பசளைச் செடிகளை மீண்டும் மணலுக்கு ஊட்டுதலும், கிணற்று நீரின் மட்டத்தையும் உவர்ப்பையும் பள்ளிப் பிள்ளைகளே திங்கள்தோறும் அளந்து எழுதிவைத்தலும் அவ்வூர்களில் தொடங்குதல் நன்று. அரசு செய்ய வேண்டுவன பல உள; அவற்றை எதிர்பார்த்து ஊர் வாளாவிருத்தல் வேண்டா.

மாலையில் அக்குடும்பம் திரும்பு முன், தோட்டக்காரர் ஒருவர் வீட்டு முற்றத்தில் தாகம் தீர்க்க நிற்கும். வந்தவர் யாரென்று வினவு முன்னரே செம்பு நிறைய நீர் தருதல் இக்கரையின் வழக்கம். பாட்டி ஒரு மிடறு அருந்திச் சற்று நிதானித்துச் சுவை பார்ப்பார். பிள்ளைகள் மடியில் சேர்த்த ஆவாரம்பூ இரவுக்குள் வாடிவிடும். அடுத்த தையில் மீண்டும் பூக்கும். அச்செம்பு நீர் அடுத்த தலைமுறைக்கும் இனிக்குமா என்பதே நுரைச்சோலையின் வரலாறு இன்று நம்முன் வைக்கும் வினா.